ஆச்சி வீட்டு அரங்கில் கிடந்த பாத்திரங்கள்

"அண்ணாச்சி, வீரவநல்லூரில் எங்கள் ஆச்சி வீட்டை விற்கப் போகிறோம். அரங்குவீட்டில், அதாவது சாமான்கள் வைக்கிற உள்ளறையில், முப்பது பாத்திரங்களுக்கு மேல் கிடக்கின்றன. எல்லாம் ஆச்சியின் அம்மா காலத்தவை என்கிறார் மாமா. கறுத்துப்போய் எது பித்தளை, எது வெண்கலம் என்றே தெரியவில்லை. சென்னைக்குக் கொண்டுவந்து சமைக்கலாமா, இல்லை எடைக்குப் போட்டுவிடலாமா? ஒரு பானையின் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் இருக்கிறது. அதன் பக்கத்தில் 'சூகூயரு' என்று படிக்கிற மாதிரி நான்கு எழுத்து. அப்படி ஒரு பெயர் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடைக்குப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். அந்த 'சூகூயரு' பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

என் தாத்தா திருநெல்வேலி டவுணில் பாத்திரக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தராசுப் பக்கத்தில்தான் எனக்கு இடம். எவர்சில்வர் வந்து ஊரெல்லாம் பரவிய காலம் அது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்கள் ஓலைப்பெட்டியிலும் சாக்கிலும் பழைய பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு வருவார்கள். தவலை, குத்துப்போணி, சருவம், கும்பா என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும். எடை போட்டு அதற்கு ஈடாக எவர்சில்வர் கொடுப்போம். போகிறபோது சிலர் தராசில் கிடக்கும் பானையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள். ஈயம் பூசுகிற ஆளும் தெருவுக்கு வருவது குறைந்துவிட்டது. எவர்சில்வரோ கழுவிக் கவிழ்த்தால் போதும். ஆனால் நாங்கள் வாங்கிய பழம் பாத்திரமெல்லாம் உடைத்து உருக்கத்தான் போயிற்று. அதனால்தான் உங்களிடம் இப்போதே சொல்கிறேன்.

பாத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஆச்சியின் அடுக்களையில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு வேலை இருந்தது. சோறு எதில், புளிக்குழம்பு எதில், ரசம் எதில், மோர் எதில் என்று அவர்களுக்குக் கை அறியும். எதை எதில் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். யாரும் எழுதிவைக்கவில்லை. மாமியார் மருமகளைப் பார்த்து "அதுல புளிய ஊத்தாத" என்று ஒரு தடவை சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அந்த அறிவு இல்லாமல் பாத்திரத்தை மட்டும் சென்னைக்குக் கொண்டுபோய் அடுப்பில் ஏற்றினால் வயிற்றுக்குக் கேடு, பாத்திரத்துக்கும் கேடு.

முதலில் எல்லாவற்றையும் புறவாசலில் கொண்டுவந்து பரப்புங்கள். ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. மற்றவற்றில் அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் நிறம் தெரிந்துவிடும். சிவப்பு என்றால் செம்பு. பளிச்சென்று தங்க மஞ்சள் என்றால் பித்தளை. கொஞ்சம் மங்கி, பழுப்பு கலந்த மஞ்சள் என்றால் வெண்கலம். பித்தளையும் வெண்கலமும் பார்வைக்குக் குழப்பும். காது குழம்பாது. பாத்திரத்தின் விளிம்பை விரல் நுனியில் தொங்கவிட்டு முட்டியால் ஒரு தட்டு தட்டுங்கள். வெண்கலம் என்றால் கோயில் மணி மாதிரி ணங்கென்று எழுந்து சற்று நேரம் நிற்கும். பித்தளை டொக்கென்று அடங்கிவிடும். என் தாத்தா பாத்திரத்தைக் கண்ணால் பார்த்து விலை சொன்னதே இல்லை, தட்டித்தான் சொல்வார். வெண்கலம் ணங்கென்று கேட்காமல் கரகரத்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உலோகக் கலவைதான். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். பித்தளையைத் தகடாக அடித்து வளைத்துப் பாத்திரம் செய்யலாம், கீழே விழுந்தால் நெளியும். வெண்கலத்தை உருக்கி அச்சில் ஊற்றித்தான் பானை வார்ப்பார்கள், கீழே விழுந்தால் உடையும். அதனால் மாடிப்படியில் இறக்கும்போது வெண்கலத்தைத் துணி சுற்றித் தனியாகக் கொண்டுவாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று போட்டு அடுக்க வேண்டாம்.

வெண்கலம்தான் நம் சீமையின் பெருமை என்பேன். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியா தோண்டியபோது இரும்புக் காலத்துத் தாழிகளோடு வெண்கலக் கிண்ணங்களும், விலங்குகளும் பறவைகளும் நிற்கிற வெண்கல மூடிகளும் வந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அந்தக் கிண்ணம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எங்கள் வீட்டுக் கும்பாதான் நினைவுக்கு வந்தது. அகன்ற வாய், கையில் அடங்குகிற வயிறு. வயலுக்குப் போகிறவர் விடியற்காலையில் பழையதும் மோரும் கரைத்துக் குடித்தது அந்தக் கும்பாவில்தான். வெண்கலத்தில் ஈயம் பூச வேண்டியதில்லை. பழையதை நம்பி அதில் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஆனால் ஒன்று, சாப்பிட்டார்களே தவிர மோரையோ புளித்த கஞ்சியையோ இரவெல்லாம் அதில் ஊற வைக்கவில்லை. பழையதற்கு நீர் ஊற்றி வைப்பது மண்பானையில்.

உங்களிடம் இருக்கும் பானைகளில் கனமான அடியும் குறுகிய கழுத்தும் உள்ளது வெண்கலப் பானையாக இருந்தால், அதில் தாராளமாகச் சோறு வடிக்கலாம். அது செய்யப்பட்டதே அதற்குத்தான். அடி கனம் என்பதால் சூடு சீராகப் பரவும், அடி பிடிக்காது, இறக்கி வைத்தபிறகும் நெடுநேரம் சூடு நிற்கும். உலை கொதித்த பிறகு அரிசியைக் களைந்து போட்டு, வெந்ததும் சிப்பல் தட்டை வாயில் வைத்துச் சாய்த்துக் கஞ்சியை வடிப்பார்கள். கேஸ் அடுப்பிலும் இது நடக்கும். இரண்டே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். வெறும் பானையை அடுப்பில் ஏற்றக் கூடாது. சூடான பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. இரண்டிலும் விரிசல் விழும். விரிசல் விழுந்த வெண்கலத்தைப் பற்றவைத்துச் சரிசெய்வது கடினம். அந்தக் காலத்தில் உடைந்த வெண்கலத்தை, வார்ப்பு வேலை செய்கிற கன்னார் வீட்டில் கொடுத்து, உருக்கிப் புதிதாக வார்த்து வாங்குவார்கள். பொங்கலுக்கு அடுப்பாக மூன்று மண் கட்டிகளை வைத்து, காவியும் சுண்ணாம்பும் அடித்து, பனையோலை எரித்துப் பால் பொங்க வைத்தது நிறைய வீடுகளில் இந்தப் பானையில்தான். கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டியிருப்பார்கள். அதனால்தான் எதை விற்றாலும் வெண்கலப் பானையை விற்க மனசு வராது என்று எங்கள் கடைக்கு வரும் ஆச்சிமார் சொல்வார்கள்.

பித்தளை கதை வேறு. குவியலில் பெரும்பங்கு பித்தளையாகத்தான் இருக்கும். தண்ணீர்க் குடம், தவலை, அண்டா, குத்துப்போணி, தூக்குப்போணி, இட்லிக் கொப்பரை, சிப்பல் தட்டு, கண்ணாப்பை, இடியாப்ப உரல், காப்பிக்கு வட்டாவும் டம்ளரும். இதில் தண்ணீர் வைக்கிற குடத்துக்கு ஈயம் தேவையில்லை. சமைக்கிற பாத்திரத்துக்குக் கட்டாயம் தேவை. உள்ளே வெள்ளையாக, பால் படிந்த மாதிரி ஒரு பூச்சு தெரிகிறதா பாருங்கள். அதுதான் ஈயப் பூச்சு. நகக்கண் அளவுக்கு மேல் மஞ்சள் வெளியே தெரிந்தால் அந்தப் பாத்திரத்தில் எதுவும் சமைக்காதீர்கள். புளி, தக்காளி, எலுமிச்சை, மோர், எது பட்டாலும் பித்தளையிலிருந்து செம்பு கரைந்து வரும். பச்சையாகக் களிம்பு ஏறும். குழம்பு கைக்கும், வயிறு புரட்டும், வாந்தி வரும்.

ஈயம் பூசுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் தெரு முக்கில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் வருஷத்துக்கு இரண்டு தடவை, பெரும்பாலும் பொங்கலுக்கு முன்னாலும் கல்யாண மாதங்களுக்கு முன்னாலும், ஒருவர் வந்து தரையில் சின்னக் குழி தோண்டுவார். குழியில் கரி, பக்கவாட்டில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் தோல் துருத்தி. கூடவே ஒரு பையன் இருப்பான். முதல் வேலை அவனுடையது. அண்டாவுக்குள் மணலைப் போட்டு, சாக்குத் துணியை விரித்து, அதன்மேல் ஏறி நின்று மரத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் காலாலேயே தேய்ப்பான். பத்து நிமிஷத்தில் உள்பக்கம் முழுதும் மஞ்சள் விழித்துவிடும்.

அப்புறம் பாத்திரத்தைக் குழியின் மேல் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காய்ச்சுவார்கள். சரியான சூடு வந்ததா என்று பார்க்க அவரிடம் கருவி ஒன்றும் கிடையாது. வெள்ளீயக் கம்பியின் நுனியை உள்ளே தொட்டு இழுப்பார். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். கோடு மெழுகு மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் சூடு வந்துவிட்டது. உடனே நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை, மூக்கைத் துளைக்கும் நெடி. அந்தப் புகை அடங்குவதற்குள் பஞ்சை வைத்து உள்ளே ஒரே சுற்றாகத் துடைப்பார். கை போன வழியெல்லாம் மஞ்சள் மறைந்து வெள்ளி மாதிரி ஆகிவிடும். நவச்சாரம் உலோகத்தின் மேல் படிந்த துருப்படலத்தை அரித்துச் சுத்தம் செய்கிறது. அப்போதுதான் ஈயம் ஒட்டும், இல்லையென்றால் முத்து முத்தாக உருண்டு ஓடும். கடைசியில் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் சுர்ரென்று ஒரு சத்தம். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்காகவே நிற்போம். அந்த மனிதரின் விரல்களில் நகம் முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை.

இந்த 232 டிகிரி என்கிற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் பூசிய பாத்திரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது முழுக்க அதிலிருந்தே வருகிறது. தண்ணீர் சார்ந்த சமையல் நூறு டிகிரியைத் தாண்டாது, ஆகையால் குழம்பு, கூட்டு, பருப்பு, பால், இட்லிக்கு ஆவி, எல்லாம் சரி. வெறும் பாத்திரத்தைக் காய வைப்பது, வறுப்பது, எண்ணெய் காய்ச்சிப் பலகாரம் போடுவது கூடாது. பூச்சு உருகிக் கீழே குட்டை கட்டிவிடும். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். கழுவும்போது கம்பி நார் போடாதீர்கள், தேங்காய்த் தும்பும் சாம்பலும், இல்லையென்றால் மெல்லிய பஞ்சு போதும். ஆசிட் கிட்டவே போகக் கூடாது.

ஈயம் பூசக் கொடுக்கும்போது சுத்த வெள்ளீயமா என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் நீங்களே வெள்ளீயம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வெள்ளீயம் விலை கூடியது. காரீயம் கலந்தால் செலவு குறையும், அதனால் கலப்பு நடக்கிறது. காரீயம் உடலில் சேரக் கூடாத நஞ்சு, அதுவும் பிள்ளைகளுக்கு.

நம் ஊரில் 'ஈயம்' என்ற ஒரே சொல் மூன்று உலோகங்களைக் குறிக்கிறது. இதைச் சரியாகப் பிரிக்காவிட்டால் பெரிய தவறு நேரும். ஒன்று வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச்செம்பு இதில் செய்தது. இரண்டாவது காரீயம், நஞ்சு. மூன்றாவது அலுமினியம். கிராமத்தில் 'ஈயச்சட்டி', 'ஈயப்பானை' என்றால் பெரும்பாலும் அலுமினியம்தான். சென்னையில் 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். மெல்ல மெல்ல ஊருக்குள் வந்தபோது, பார்ப்பதற்கு வெள்ளையாக ஈயம் மாதிரியே இருந்ததால் மக்கள் பழைய பெயரையே வைத்துவிட்டார்கள். 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்கிற பழமொழியில் வருகிற ஈயம் அலுமினியத்துக்கு வெகு காலம் மூத்தது.

ஆக உங்கள் குவியலில் வெள்ளையாக ஒரு செம்பு இருந்தால் முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி லேசாக இருந்தால் அலுமினியம். கனத்தால் வெள்ளீயமாகவோ காரீயக் கலப்பாகவோ இருக்கும். வெள்ளைக் காகிதத்தில் அதன் விளிம்பை அழுத்தி இழுங்கள். பென்சில் கோடு மாதிரி கறுப்பாகப் படிந்தால் காரீயம் இருக்கிறது, அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், சமையலுக்கு வேண்டாம். கோடு விழாததால் மட்டும் சுத்தம் என்று முடிவு கட்டவும் வேண்டாம், கொஞ்சமாகக் கலந்திருந்தால் காகிதம் காட்டிக்கொடுக்காது. உலோகம் சோதிக்கிற ஆய்வகத்தில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ரசம் வையுங்கள். ஈயச்செம்பில் ரசம் வைக்கும்போது புளித்தண்ணீர் உள்ளே ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நெருப்பு செம்பின் அடிக்கு வெளியே படரவே கூடாது. போன் வந்தது என்று அடுத்த அறைக்குப் போய்விட்டால், ரசம் வற்றியதும் செம்பும் வழிந்து ஓடிவிடும். எங்கள் வீட்டில் என் தங்கையின் கையில் அப்படி ஒரு செம்பு போயிற்று. அடுப்பின் மேல் பாதரசம் சிந்திய மாதிரி கிடந்ததை இன்னும் என் கண் மறக்கவில்லை.

இரும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருப்புச்சட்டி, தோசைக்கல், பணியாரக்கல், அரிவாள்மணை, தேங்காய் துருவுகிற திருவலக்குத்தி எல்லாம் துரு ஏறியிருக்கும். பயப்பட வேண்டாம். மணலும் தும்பும் போட்டுத் தேய்த்து, அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, நல்லெண்ணெய் தடவி மெல்லிய தீயில் காய்ச்சுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் பழகிவிடும். புளிக்குழம்பை மட்டும் அதில் வைக்க வேண்டாம், கறுத்துவிடும்.

மாக்கல்லில் செய்த கல்சட்டி இருந்தால் அது அதிர்ஷ்டம். வற்றல் குழம்புக்கும் புளிக்குழம்புக்கும் அதைப் போல வேறு பாத்திரம் கிடையாது. எந்தப் புளிப்போடும் அது சண்டை போடாது. பல வருஷம் சும்மா கிடந்த சட்டியை நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள். வெளியிலும் உள்ளிலும் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசி ஒரு நாள் வைத்து, பிறகு ஒரு வாரம் தினமும் வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி ஆறவிட வேண்டும். அதற்குப் பிறகு சிறு தீ, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட. அவசரப்பட்டால் இரண்டாகப் பிளந்துவிடும்.

மண்சட்டி அந்தக் காலத்தது கிடைப்பது அபூர்வம். மண்ணை வருஷா வருஷம் மாற்றிவிடுவார்கள். வேண்டுமானால் புதிதாகக் காருகுறிச்சியில் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே இன்னும் வனைகிறார்கள். ஆட்டுரல், அம்மி, திருவை ஆகியவற்றைக் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள். வீட்டை வாங்குகிறவர் அவற்றை உடைத்து அஸ்திவாரத்தில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். உப்பு வைத்த மரவையும், ஊறுகாய்ப் பரணியும் சென்னையிலும் நாளைக்கே புழங்கலாம். பரணியில் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் ஊறுகாய் போட வேண்டாம்.

சரி, வயது. "நூறு வருஷத்துக்கு மேல்" என்று எல்லாரும் சொல்வார்கள். பாத்திரத்திடமே கேட்கலாம். பித்தளைக் குடத்தையோ தவலையையோ வெயிலில் சாய்த்துப் பிடித்து, வயிற்றைச் சுற்றியோ பக்கவாட்டிலோ பல் பல்லாகக் கோத்த ஒட்டு தெரிகிறதா பாருங்கள். இரண்டு தகடுகளின் ஓரத்தையும் பல் மாதிரி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, பற்றவைத்துத் தட்டிச் சமப்படுத்திய வேலை அது. வெளிப்பக்கத்தில் சுத்தியல் அடி வரிசை வரிசையாகத் தெரியும். இது கையால் அடித்த பாத்திரம். ஒட்டே இல்லாமல், உள்ளே இசைத்தட்டு மாதிரி வட்டக் கோடுகள் ஓடினால் எந்திரத்தில் சுழற்றி இழுத்தது, அது பிந்தியது.

அடுத்தது எழுத்து. பேர் வெட்டுகிறவர் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்துவார். கோடாக ஓடுகிற எழுத்து பெரும்பாலும் பிந்தியது. எழுத்தின் வடிவத்தையும் பாருங்கள். 'பிள்ளை'யில் வருகிற 'ளை' இப்போது நாம் எழுதுவது மாதிரி முன்னால் தனிக் கொம்போடு இல்லாமல், எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருந்தால் பழைய எழுத்து. 1978-இல்தான் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்குப் பிறகும் பழக்கத்தில் பழைய வடிவத்தை வெட்டியவர்கள் உண்டு என்பதால் இதை ஒரு துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பாலிஷ் எந்திரத்தில் கொடுக்காதீர்கள். சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் புள்ளி எழுத்து மழுங்கிவிடும். புளியும் உப்பும் போதும். அடியில் உறைந்த கரி போகாவிட்டால் இருக்கட்டும். அண்டா, சருவம் போன்ற பெரியவற்றில் 'ஊர்ப்பொது' என்றோ ஒரு கோயிலின் பெயரோ வெட்டியிருந்தால் அது உங்கள் வீட்டுச் சொத்தாக இருக்காது. கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் வாங்கிப் புழங்கி, திருப்பிக் கொடுக்க மறந்ததாக இருக்கும். அதைக் கொண்டுபோய் அந்த ஊரில் ஒப்படைத்துவிடுங்கள்.

விற்றே ஆக வேண்டும் என்றால் எடைக்கு அல்லாமல் பொருளுக்கு விலை கேளுங்கள். காரைக்குடியில் பழம்பொருள் வாங்கி விற்கிற கடைத்தெருவே இருக்கிறது, ஒரு நடை போய் விசாரித்தால் நிலவரம் புரியும். வாகைக்குளத்துக் குத்துவிளக்கு மாதிரி நல்ல வார்ப்பு விளக்கு ஏதும் இருந்தால் அதை விற்பனைக்கு என்று நினைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நிறைநாழியும் அப்படித்தான், வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு நெல் நிரப்பி வைக்க வேண்டியது அது.

இப்போது 'சூகூயரு'. அது பெயர் இல்லை. தமிழ் எண். தமிழ் எண்கள் பல, எழுத்து மாதிரியே இருக்கும். ௲ பார்ப்பதற்கு 'சூ', அது ஆயிரம். ௯ பார்ப்பதற்கு 'கூ', அது ஒன்பது. ௰ பார்ப்பதற்கு 'ய', அது பத்து. ௫ பார்ப்பதற்கு 'ரு', அது ஐந்து. ௲௯௰௫ என்றால் ஆயிரம், ஒன்பது பத்து, ஐந்து. ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து.

1095-ஆம் ஆண்டு இராசராச சோழனுக்குப் பிந்திய காலம் ஆயிற்றே என்று திகைக்க வேண்டாம். இது கொல்லம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில் பத்திரத்திலும் ஓலையிலும் கொல்லம் ஆண்டுதான் புழங்கியது. மலையாளக் கரையோடு நமக்கிருந்த உறவு அப்படி. 825-இல் தொடங்கும் கணக்கு அது, நம் பக்கம் ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் மார்கழி வரை என்றால் 824-ஐயும், அதற்குப் பிறகு என்றால் 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1095 என்பது 1919 ஆவணியிலிருந்து 1920 ஆடி வரை. பக்கத்தில் 'பலம்' என்றோ 'வீசை' என்றோ இருந்தால் எடையைக் குறித்ததோ என்று யோசிக்கலாம். நீங்கள் சொல்வதில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, ஆகவே ஆண்டுதான்.

அந்தப் பெயர் உங்கள் ஆச்சி வீட்டு ஆண்களின் பெயரோடு பொருந்தாவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். சீர்ப் பாத்திரத்தில் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவரின் பெயரைத்தான் வெட்டுவார்கள். உங்கள் மாமாவிடம், அவருடைய ஆச்சியைப் பெற்றவர் பெயர் என்ன, அவர் எந்த ஊர், ஆச்சிக்குக் கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பானையின் கழுத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, மெழுகோ பென்சிலோ தேய்த்து அந்த எழுத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள், பெரியவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஞாபகம் வரும்.

குவியலின் அடியில் விரல் நீளத்துக்குச் சின்னப் பானையும், உள்ளங்கை அகலத்தில் சருவமும், குட்டி அகப்பையும் கிடந்தால் அவை உடைந்த சாமான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தை மாதம் பெண்பிள்ளைகள் வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டிப் பொங்கல் வைப்பார்களே, அதற்கு வாங்கியவை. உங்கள் ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் பொங்கல் வைத்திருப்பார்.